என் தோளைத் தாங்கியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, எட்டு மாதம் கழித்துக் கபடிக் களத்தில் இறங்கினேன். வலது ஓரத்தில், ரைட் கார்னரில் நின்று, பாடிவந்த ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தேன். தோள் மூட்டு நழுவவில்லை. இரவு தூக்கம் வராமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

தோள் மூட்டு இரண்டாம் முறை நழுவி இறங்கிய அன்று, "இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் கையைப் பிடித்தார்கள். யாரையும் தொடவிடாமல், தன் துண்டால் என் கையை நெஞ்சோடு கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கேப்டன் அண்ணனுக்கு முதல் நன்றி. அப்படி இழுத்தால் நரம்பே பழுதாகலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிழிந்த சவ்வைத் தைத்த டாக்டருக்கும் நன்றி.

பிசியோ அக்கா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? தோள் கிண்ணத்துக்கு ஆழம் கிடையாது, விளிம்புச் சவ்வும் சுற்றியிருக்கும் நான்கு சின்னத் தசைகளும்தான் கை எலும்பின் பந்துபோன்ற முனையை நடுவில் நிறுத்துகின்றன என்று பொறுமையாக விளக்கினீர்கள். முதல் முறை வலி போனதுமே ஆடப்போனது எவ்வளவு தவறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தையல் ஆறும்வரை கையை வெளிப்பக்கம் அதிகம் திருப்ப விடவில்லை. அப்புறம் புறங்கையைச் சுவரில் வைத்து, கை நகராமல் அழுத்தும் பயிற்சி. அதன் பிறகுதான் ரப்பர் பட்டை.

அந்தப் பட்டையை அடுப்படி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தேன். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டு. மெல்ல வெளியே இழுத்து, அதைவிட மெல்ல உள்ளே விட வேண்டும். பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே எண்ணுவாள். துண்டு விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்துதான். ஒருநாளும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை.

சுவர் தண்டால் தரைத் தண்டால் ஆன பிறகும் கல்லெறிவதுபோல் கையைத் தூக்கினால் உடம்பு தானாகச் சுருங்கும். கடைசிவரை நின்றது அந்தப் பயம்தான். லெஃப்ட் கார்னர் தம்பி சாயங்காலங்களில் வருவான். நான் கண்ணை மூடி நிற்பேன். என் கையை எந்தப் பக்கம் தள்ளப்போகிறான் என்று சொல்லாமல் லேசாகத் தள்ளுவான், நான் அசையாமல் தாங்க வேண்டும். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது அங்கேதான். நன்றிடா தம்பி.

அக்கா, பச்சைப் பட்டை இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. வாரம் மூன்று நாள் விடாமல் செய்கிறேன். புதிதாக வரும் யாருக்காவது அது தேவைப்பட்டால் சொல்லுங்கள், நான் வேறு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரைட் கார்னர்