விருப்பக் கடைகளின் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களிடம் அவர்களுக்குப் பிடித்த கடைகள், உணவகங்கள், முடிதிருத்தகங்கள், அழகு நிலையங்கள் எவை எனக் கேட்டுத் தொகுத்து வெளியிடும் பகுதியைத் தங்கள் வார இணைப்பில் தவறாமல் வாசித்து வருகிறேன். ஒரு நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்தும் தன் தெருவைத் தாண்டி அதிகம் அறியாதவருக்கும் அது பயன்படுகிறது. ஆயினும், அண்மைக்காலப் பட்டியல்கள் ஒன்றைப் போலவே மற்றொன்று அமைந்து, ‘இனிய சூழல்’, ‘கனிவான உபசரிப்பு’ என்ற சொற்களோடு முடிந்துவிடுவதைக் காணும்போது, உள்ளூர்க்காரர் ஒருவரின் பரிந்துரைக்கு மதிப்பு எதனால் வருகிறது என்பதில் இதழ் போதிய கவனம் செலுத்தவில்லையோ என்ற ஐயம் எழுகிறது.

அந்த மதிப்பு, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால் வருவது. சுற்றுலாப் பயணி ஒரு கடைக்கு ஒரு முறை போகிறார். அன்று நன்றாக அமைந்தால் அந்தக் கடை நல்ல கடை. உள்ளூர்க்காரரோ தலைமைச் சமையல்காரர் விடுப்பில் போன நாளிலும், கூட்டம் நெரிந்த பண்டிகைக் காலத்திலும், விலை ஏறிய மாதத்திலும் அதே வாசலை மிதித்திருப்பார். வாங்கிய பொருள் பழுதாகித் திருப்பிக் கொண்டுபோனபோது கல்லாவில் இருந்தவரின் முகம் எப்படி மாறியது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவரிடம் ‘என்ன பிடிக்கும்?’ என்று மட்டும் கேட்பதைவிட, எவ்வளவு காலமாகப் போகிறார், எதற்காகப் போகிறார், எதை வாங்க அங்கே போக மாட்டார், ஒரு முறை ஏதோ தவறியபோது கடைக்காரர் அதை எவ்வாறு சரிசெய்தார் என்று கேட்டு எழுதுவதே வாசகருக்கு உதவும். எதற்கு அங்கே போகக் கூடாது என்பதைச் சொல்லும் ஒரு வரி, பத்து வரிப் பாராட்டைவிட நம்பிக்கையை வளர்க்கிறது.

பரிந்துரைகளை முறைப்படுத்தும் முயற்சிகள் புதியவை அல்ல. பிரான்சில் மிஷ்லின் டயர் நிறுவனம் 1900-இல் வாகன ஓட்டிகளுக்கு இலவசமாக ஒரு கையேட்டை வெளியிட்டது; மக்கள் காரில் அதிகம் பயணம் செய்தால் டயர் அதிகம் தேயும் என்பதே அதன் பின்னிருந்த வணிகக் கணக்கு. அந்தக் கையேடு 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. பின்னர் ஒன்று முதல் மூன்று வரையிலான படிநிலை வந்தது. டயர் விற்பவர் சொல்லும் உணவகத்தை ஏன் நம்ப வேண்டும் என்ற நியாயமான கேள்விக்கு அந்நிறுவனம் கண்ட விடை, தன் ஆய்வாளர்கள் தம்மை அறிவித்துக்கொள்ளாமல் சென்று, உண்டதற்குத் தாமே பணம் கட்டுவது என்பதாகும். நியூயார்க் டைம்ஸ் இதழில் 1957 முதல் உணவுப் பகுதியைக் கவனித்த கிரெய்க் கிளெய்போர்ன், ஒரே உணவகத்துக்குப் பல முறை சென்ற பின்பே எழுதுவது, செலவை இதழே ஏற்பது என்னும் நெறியைப் பத்திரிகை உலகில் நிலைநிறுத்தினார். எழுதுபவருக்குக் கடைக்காரர் எதையும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அது மறைக்கப்படவில்லை என்ற உறுதியே இவ்வகை எழுத்தின் அடிப்படை. தங்கள் பகுதியில் அந்த உறுதிமொழியை நான் இதுவரை அச்சில் கண்டதில்லை.

பட்டியலை வல்லுநர் கையிலிருந்து பொதுமக்கள் கைக்கு மாற்றியவர்கள், நியூயார்க்கில் 1979-இல் நண்பர்களின் கருத்துகளைத் திரட்டிக் கையேடு தயாரித்த ஸகாட் தம்பதியர். அதன் தொடர்ச்சியாகவே இணையத்தின் நட்சத்திர மதிப்பீடுகளைச் சொல்லலாம். ஆயிரம் பேர் சொன்னால் தவறாது என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் 2017-இல் லண்டனில் ஓர் எழுத்தாளர், தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிவுசெய்து, நண்பர்களைக் கொண்டு பொய் விமர்சனங்களை எழுதவைத்து, உண்மையில் ஒருவருக்கும் உணவு பரிமாறாத நிலையிலேயே அதை டிரிப்அட்வைசர் தளத்தின் லண்டன் உணவகங்களில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். இடம் கிடைக்காது என்று மறுக்க மறுக்க அதன் புகழ் வளர்ந்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. பாஸ்டன் நகர உணவகங்களைப் பற்றி யெல்ப் என்னும் விமர்சனத் தளத்துக்கு வந்த விமர்சனங்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை அத்தளமே சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கியதை, மைக்கேல் லூகாவும் ஜார்ஜியோஸ் ஜெர்வாஸும் தம் ஆய்வில் காட்டினர். பொய் எழுதாதவர்களும் முன்னவர் சொன்னதைப் பின்பற்றியே மதிப்பிடுகின்றனர். செய்தித் தளம் ஒன்றின் கருத்துரைகளை வைத்துச் செய்து, 2013-இல் வெளியான பரிசோதனை ஒன்றில், தொடக்கத்தில் செயற்கையாக இடப்பட்ட ஒரேயொரு ஆதரவு வாக்கு, இறுதி மதிப்பெண்ணைச் சராசரியாக 25 விழுக்காடு உயர்த்தியது.

இத்தனைக்கும் பின்னால் பணம் இருக்கிறது. சியாட்டில் நகரை வைத்து லூகா செய்த மற்றோர் ஆய்வின்படி, யெல்ப் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுகிறது. அந்தப் பயன் எந்தச் சங்கிலியையும் சேராத தனித்த உணவகங்களுக்கே உரியது, பெரும் சங்கிலி நிறுவனங்களை அது அசைக்கவில்லை. பெயர் பெற்ற நிறுவனத்துக்கு விளம்பரம் இருக்கிறது; முகவரி மட்டுமே உள்ள சிறிய கடைக்கு வாய்ச்சொல்தான் முதலீடு. அதனால்தான் அந்த வாய்ச்சொல்லை விலைக்கு வாங்கும் தூண்டுதலும் வலுவாக இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டதும், அமெரிக்காவில் பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024-இல் நடைமுறைக்கு வந்ததும் இக்காரணத்தால்தான். சமூக ஊடகப் பிரபலங்களுக்கு வலியுறுத்தப்படும் வெளிப்படைத்தன்மையை ஒரு நாளிதழிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது என்று கருதுகிறேன்.

அடுத்து, முடிதிருத்தகங்களையும் அழகு நிலையங்களையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தங்கள் பட்டியல்களில் இவை கடைசியில், இரண்டு வரியில், உள்ளலங்காரத்தைப் புகழ்ந்து முடிந்துவிடுகின்றன. வாங்கிய சட்டை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். தலையிலும் தோலிலும் செய்த வேலையை மாற்ற முடியாது. தலைமுடிச் சாயங்கள் பலவற்றில் உள்ள பாரா ஃபீனைலின் டைஅமீன் என்னும் வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். சாயமிடுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே சிறிதளவைத் தோலில் தடவிப் பார்க்கும்படி அதனால்தான் அறிவுறுத்தப்படுகிறது. முடியை நேராக்கப் பயன்படும் கலவைகள் சிலவற்றிலிருந்து சூடுபடுத்தும்போது ஃபார்மால்டிஹைடு வெளிப்படுகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பரிந்துரைப்பவர், அவர் போகும் நிலையத்தில் முன்சோதனை செய்கிறார்களா, சவரத்துக்கு ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு எடுக்கிறார்களா, துண்டும் சீப்பும் எப்படித் தூய்மை செய்யப்படுகின்றன, அறையில் காற்றோட்டம் உண்டா என்பவற்றைச் சொல்லட்டும். சுவரின் நிறத்தை வாசகர் நேரில் போய்ப் பார்த்துக்கொள்வார்.

மேலும், இத்தொழிலில் வாடிக்கையாளர் நாடிச் செல்வது பெரும்பாலும் பெயர்ப்பலகையை அல்ல, ஒரு கையை. அந்தக் கைக்குரியவர் வேறு நிலையத்துக்கு மாறிவிட்டால், பட்டியலில் உள்ள பெயர் இருக்கும், பட்டியலுக்குக் காரணமானது இருக்காது. அந்த உறவின் வலிமையை மருத்துவ உலகமே பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 52 முடிதிருத்தகங்களில், உயர் ரத்த அழுத்தம் கொண்ட 319 கறுப்பின ஆண்களிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், மருந்தாளுநர்கள் அந்தக் கடைகளுக்கே வந்து மருந்து பரிந்துரைத்துக் கண்காணித்த குழுவினருக்கு, ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது. மருத்துவரைப் பார்க்கும்படி முடிதிருத்துநர் அறிவுறுத்தியதோடு நின்ற குழுவில் அது 9 புள்ளி அளவிலேயே குறைந்தது. மருத்துவமனைக்கு வரத் தயங்குபவர்கள் தவறாமல் வரும் இடம் அது என்பதால்தான் அந்த ஏற்பாடே அங்கு செய்யப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தை இரண்டு வரியில் முடிப்பது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்று, பட்டியலில் இடம்பெறுவது எல்லாக் கடைகளுக்கும் நன்மை அல்ல. பத்துப் பேர் அமரும் உணவகத்தின் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் நின்றால், வழக்கமாக வருபவர் திரும்பிப் போவார். சில வாரங்களில் புதியவர்கள் வேறு பட்டியலைத் தேடிப் போய்விடுவர். விட்டுப்போன பழைய வாடிக்கை எளிதில் மீளாது. வெளியிடும் முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பதும், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதும் இதழுக்கு இழப்பில்லை.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். நடிகர், எழுத்தாளர், தொழிலதிபர் என்ற வட்டத்துக்குள்ளேயே பகுதி சுழல்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய மக்களின் சிறிய உணவகங்களைத் தேடித்தேடி எழுதிய ஜோனதன் கோல்டுக்கு 2007-இல் புலிட்சர் விருது கிடைத்தது; உணவக விமர்சகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. நகரத்தின் பெரும்பகுதி அதுவரை எழுதப்படாமல் கிடந்ததைத்தான் அவர் எழுதினார். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் உணவு தேடும் செவிலியர், சக்கர நாற்காலியில் செல்பவர், நாள் முழுதும் வண்டி ஓட்டுபவர், கைக்குழந்தையோடு கடை ஏறும் தாய் ஆகியோரின் விருப்பப் பட்டியல்கள் முற்றிலும் வேறாக இருக்கும். அவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, பரிந்துரைப்பவர் அங்கே கடைசியாகச் சென்ற மாதம், கட்டணம் செலுத்தியவர் யார், உரிமையாளரோடு உறவோ வணிகத் தொடர்போ உண்டா என்ற மூன்று செய்திகளைச் சிறிய எழுத்தில் அச்சிடுங்கள். முன்பு பரிந்துரைத்த கடை மூடப்பட்டாலோ கைமாறினாலோ, அதே பக்கத்தில் அதையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்