இன்வெர்ட்டர் வாங்கினா பில் குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க தெருவுல புதுசா இன்வெர்ட்டர் போட்ட ஒருத்தர், இனிமே கரண்ட் பில் பாதியாயிடும்னு சந்தோஷமா சொல்றாரு, கடைக்காரர் அப்படித்தான் சொன்னாராம்! பேட்டரி என்ன கரண்ட் தயாரிக்குதா, கம்பியில வர்றத வாங்கி வச்சிருந்து திருப்பிக் குடுக்குது, அதுலயும் கொஞ்சம் சூடாவே வீணாப் போயிடும், அதனால சோலார் இல்லாம வெறும் பேட்டரி வச்சா பில் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

150 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு), 12 வோல்ட் பேட்டரின்னா ரெண்டையும் பெருக்குங்க, 1800 வாட் அவர், அதாவது 1.8 யூனிட், அவ்ளோதான். அதையும் அடிவரைக்கும் உறிஞ்சினா பேட்டரி சீக்கிரம் படுத்துடும். மூணு ஃபேன் (பழசு ஒண்ணுக்கு 75 வாட்), அஞ்சு 20 வாட் எல்இடி டியூப்லைட் ஓட்டினா 325 வாட், சூடா வீணாப் போறதையும், அடிவரைக்கும் உறிஞ்சாம விடுறதையும் கழிச்சா புது பேட்டரியே மூணு, மூணரை மணி நேரம்தான் தாங்கும். ஏசியெல்லாம் நினைச்சே பாக்காதீங்க.

பில்லுதான் பிரச்சனைன்னா முதல்ல ஃபேனை மாத்துங்க, பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) 30 வாட் சுமாருக்குத்தான் இழுக்கும். அப்புறம் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும், குழாய்த் தண்ணி இல்ல (எங்க வீட்லயே அந்தக் கூத்து நடந்துச்சு).

இப்படிக்கு,
ஒரு வாசகி, மன்னார்குடி