லாரி காலமஸ் சாருக்கு, அந்த 21-ஆம் நம்பர் குதிரைய பத்தி

அன்புள்ள லாரி சாருக்கு,

வணக்கம். உங்களுக்கு தமிழ் தெரியாது, இந்தக் கடிதம் உங்க கைக்கு வந்து சேரப்போறதும் இல்ல, ஆனாலும் மூணு நாலு வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருக்கேன், இனிமே தாங்காது, எழுதிடுறேன். நீங்க 2011-லேர்ந்து என்பிசி டிவிக்காக, அமெரிக்காவோட பெரிய குதிரைப் பந்தயமான கெண்டக்கி டெர்பிக்கு கமெண்ட்ரி சொல்றீங்க. நான் சென்னையில இருந்து அத கேக்குறவன். உங்க ஊர்ல டெர்பி மே மாசம் முதல் சனிக்கிழமை சாயங்காலம், இங்க அது ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலரை மணி, தெருவுல நாய் கூட தூங்கிட்டு இருக்குற நேரம். அந்த நேரத்துக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு ரெண்டே நிமிஷம் ஓடுற ரேஸ பாத்துட்டு திரும்ப படுத்துக்குவேன். படுத்தா தூக்கம் வராது, அது வேற விஷயம்.

எங்க ஊர்ல ரேஸுன்னு சொன்னாலே ரேஸுக்கு போயி வீட்ட அழிச்சவரு, நகைய அடகு வச்சவரு கதைதான் முதல்ல வரும். ஒவ்வொரு குடும்பத்துலயும் அப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பாரு. 1974-ல தமிழ்நாட்டுல குதிரைப் பந்தயத்தையே ஒழிக்க சட்டம் போட்டாங்க, மெட்ராஸ் ரேஸ் கிளப் கோர்ட்டுக்கு போச்சு, கடைசியா 1996-ல சுப்ரீம் கோர்ட்டு இது வெறும் அதிர்ஷ்டம் இல்ல, திறமையும் கணிப்பும் வேணும்கிற விளையாட்டுன்னு தீர்ப்பு சொன்னுச்சு. நான் பந்தயம் கட்டுறதில்ல சார், ஒரு ரூபா கூட கட்டுனதில்ல. எனக்கு புடிச்சது குதிரை, அடுத்து உங்க குரல். அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2022 மே 7. ரிச் ஸ்ட்ரைக்ங்கிற குதிரை டெர்பிய ஜெயிச்ச நாள்.

அன்னிக்கு ரேஸ் முடிஞ்ச ஒடனே நெட்ல உங்கள குறை சொன்னவங்க இருந்தாங்க, ஜெயிக்கிற குதிரைய கமெண்டேட்டரே கவனிக்கலயே, கடைசி வரைக்கும் பேரையே சொல்லலயேன்னு. எனக்கு அப்ப வந்த கோவம் இன்னும் போகல. அந்தக் குதிரைய யாரு சார் கவனிச்சா? நீங்க ஒருத்தர் மட்டுமா விட்டீங்க?

வெள்ளிக்கிழமை காலைல வரைக்கும் அந்தக் குதிரை ரேஸ்லயே கிடையாது. டெர்பியில 20 குதிரைக்குத்தான் எடம், இது வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குது. ட்ரெயின்ல நம்ம ஆளுங்க வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்ட வச்சிக்கிட்டு சார்ட் போடுற வரைக்கும் போன பாத்துட்டே இருப்பாங்கல்ல, அப்படித்தான் ட்ரெய்னர் எரிக் ரீட் நின்னாரு. கெடு முடியப்போற நேரத்துல இதீரியல் ரோட்னு ஒரு குதிரைய விலக்கிக்கிட்டாங்க, அந்த எடம் இதுக்கு கெடச்சுது. கடைசி கேட், 20-ஆவது. ஆனா சேணத்துணியில நம்பர் 21. இருபது குதிரை ஓடுற ரேஸ்ல 21-ஆம் நம்பர்! இத மட்டும் வச்சே ஒரு நாள் முழுக்க சந்தோஷப்படலாம் நான்.

அது மட்டுமா, அந்தக் குதிரை அதுக்கு முன்னாடி ஜெயிச்சது ஒரே ஒரு ரேஸ், அதுவும் க்ளெயிமிங் ரேஸ். அதாவது ஓடுற குதிரைங்க எல்லாத்துக்கும் முன்னாடியே வெல போட்டிருக்கும், யார் வேணா அந்த வெலய கட்டி குதிரைய ஓட்டிக்கிட்டு போயிடலாம். அப்படித்தான் 30,000 டாலருக்கு எரிக் ரீட் பக்கம் இது வந்துச்சு. ஜாக்கி சோனி லியோன், வெனிசுவேலாக்காரர், ஒஹையோ பக்கம் சின்ன ட்ராக்குகள்ல ஓட்டுறவர், அவருக்கு அது முதல் டெர்பி. ஒண்ணுக்கு எம்பது ஆட்ஸ், அதாவது ஒரு டாலர் கட்டி அது ஜெயிச்சா எம்பது டாலர் கெடைக்கும், அவ்ளோ நம்பிக்கை இல்லாத குதிரை. என்பிசி அன்னிக்கு அஞ்சு மணி நேரம் ஒளிபரப்பு பண்ணுச்சு, அஞ்சு மணி நேரமும் தொப்பி, புதினா போட்ட அந்த ஜூலெப் சரக்கு, பணக்காரங்க பேட்டி, நடுநடுவுல எபிசென்டர், ஜான்டன், ரெண்டே ரேஸ் ஓடிட்டு டெர்பிக்கு வந்த தைபான்னு எல்லாரும் எதிர்பாத்த குதிரைங்க. தப்பு சொல்லல சார், தொப்பி பாக்குறதுக்கு எனக்கும் புடிக்கும், சில தொப்பி எல்லாம் எங்க ஊரு கல்யாண மண்டப வாசல் அலங்காரம் மாதிரி இருக்கும். ஆனா கவனம் எல்லாம் ஃபேவரிட் மேலதான் இருந்துச்சு, ஒரு ஆள் கூட முந்தின நாள் உள்ள வந்த குதிரைய நம்பி கேமராவ திருப்பப் போறதில்ல.

ரேஸ் ஆரம்பிச்சுது. முன்னாடி போன குதிரைங்க வெறி புடிச்ச மாதிரி ஓடுச்சுங்க, முதல் கால் மைல் 21.78 செகண்ட், டெர்பி வரலாத்துலயே அவ்ளோ வேகமா யாரும் ஆரம்பிச்சதில்ல. கொஞ்சம் ரேஸ் பாத்து பழகுனவங்களுக்கு இது புரியும், ரெண்டு கிலோமீட்டர் ஓட வேண்டிய ரேஸ்ல முதல்லயே மூச்ச செலவு பண்ணிட்டா கடைசியில கால் கல்லாயிடும், பின்னாடி பொறுமையா வர்றதுக்குத்தான் வாய்ப்பு. அப்படி பாத்தா சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அந்த கணிப்புக்கு இங்க எடம் இருந்துச்சு, யாராவது உக்காந்து யோசிச்சிருந்தா பின்னாடி வர்ற குதிரை ஒண்ணு ஜெயிக்கும்னு சொல்லியிருக்கலாம். ஆனா இந்தப் பின்னாடி குதிரைன்னு யாரு சொல்லியிருப்பா! ரிச் ஸ்ட்ரைக் பதினெட்டாவது எடத்துல வந்துட்டு இருந்துச்சு.

கடைசி நேர்கோட்டுல எபிசென்டரும் ஜான்டனும் தோளோட தோள் உரசிக்கிட்டு வருது, நீங்க அந்த ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி சொல்லி ஏத்திக்கிட்டே போறீங்க, நான் சேர் நுனியில உக்காந்திருக்கேன், ஒன்றரை லட்சம் பேர் மைதானத்துல கத்துறாங்க. அப்ப உள்பக்க கம்பிய ஒட்டி ஒரு செவப்பு சட்ட வந்துச்சு. நீங்க ரிச் ஸ்ட்ரைக்னு பேர சொன்னீங்க, சொன்ன அடுத்த நொடி உங்க குரல் மாறிடுச்சு. கமெண்டேட்டர் குரல் போயி, மனுசன் குரல் வந்துச்சு. "அய்யய்யோ"ன்னு நாங்க சொல்ற எடத்துல நீங்க உங்க பாஷையில ஒண்ணு சொன்னீங்க, இருக்குறதுலயே நம்பிக்கை இல்லாத குதிரை டெர்பிய ஜெயிச்சிடுச்சுன்னு கத்துனீங்க. முக்கால் லெங்த், அதாவது ஒரு குதிரை நீளத்துல முக்கால்வாசிதான் வித்தியாசம். 1913-ல டோனரெய்ல்னு ஒரு குதிரை ஒண்ணுக்கு 91 ஆட்ஸ்ல ஜெயிச்சதுக்கு அப்பறம் இதுதான் பெருசு. ரெண்டு டாலர் கட்டுனவங்களுக்கு 163 டாலர் 60 சென்ட்.

நீங்க அந்தக் குதிரைய இருநூறு மீட்டர் முன்னாடியே பாத்து, பேர சொல்லி, வருது வருதுன்னு எங்கள தயார்படுத்தியிருந்தா அது நல்ல கமெண்ட்ரியா இருந்திருக்கும். ஆனா நான் அந்த அதிர்ச்சிய எழந்திருப்பேன். எங்களுக்கு தெரியாதது உங்களுக்கும் தெரியல, எங்களுக்கு தெரிஞ்ச அதே நொடியில உங்களுக்கும் தெரிஞ்சுது, அதான் அந்தக் குரல் அப்படி ஒடஞ்சுது. இத நான் சப்பக்கட்டுக்கு சொல்லல.

பெரிய பெரிய ஆளுங்களுக்கே தப்பு நடந்திருக்கு சார், உங்களுக்கு தெரியாததா. 1973-ல செக்ரடேரியட்ங்கிற குதிரை 31 லெங்த்ல பெல்மான்ட் ரேஸ ஜெயிச்சப்ப கமெண்ட்ரி சொன்ன சிக் ஆண்டர்சன், அந்தக் குரல இன்னிக்கும் தலைமேல வச்சு கொண்டாடுறாங்க, அதே மனுசன் 1975 டெர்பியில கடைசி நேரத்துல ஃபூலிஷ் ப்ளெஷர் வர்ற எடத்துல ப்ரின்ஸ் தௌ ஆர்ட்னு வேற குதிரை பேர சொல்லிட்டாரு. நீங்க தப்பா ஒரு பேர் சொல்லல. லேட்டா சொன்னீங்க, சரியா சொன்னீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். 1967-ல இங்கிலாந்துல கிராண்ட் நேஷனல்னு வேலி தாண்டி ஓடுற குதிரை ரேஸ், 23-ஆவது வேலிகிட்ட குதிரைங்க எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு முட்டி மொத்தமா நின்னுபோச்சு, பின்னாடி தூரமா வந்த ஃபோய்னவான் மட்டும் சந்துல பூந்து தாண்டிப் போயி ஜெயிச்சுது, ஒண்ணுக்கு நூறு ஆட்ஸ். அந்த எடத்துல பிபிசிக்கு கமெண்ட்ரி சொன்ன மைக்கேல் ஓஹெஹிர் அந்தக் களேபரத்துலயும் பேர ஒடனே சொன்னாரு. ஏன்னா ரேஸுக்கு முன்னாடி ஜாக்கிங்க எடை போடுற ரூம்ல ஒரு சட்டைய மட்டும் அவருக்கு அடையாளம் தெரியல, அந்த ஜாக்கிகிட்டயே போயி நீ எந்தக் குதிரைன்னு கேட்டு வச்சுக்கிட்டாரு. அந்த சட்டை ஃபோய்னவானோடது! இதக் கேட்டதுலேர்ந்து உங்க தொழில் மேல எனக்கு மரியாதை ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. இருபது சட்டை, இருபது கலரு, மண்ணு அடிச்சு எல்லாம் ஒரே கலரா ஆனப்பறமும் பைனாகுலர்ல பாத்து மூச்சு விடாம பேர் சொல்லணும், ரெண்டு நிமிஷம், திரும்ப எடுக்க முடியாது. உங்களுக்கு முன்னாடி டெர்பி சொன்ன டாம் டர்கின் அந்த பயமும் பதட்டமும் தாங்க முடியாமத்தான் விலகிக்கிட்டாருன்னு அவரே வெளிப்படையா சொல்லியிருக்காரு. அத படிச்சப்ப எனக்கு நெஞ்சு கனமா இருந்துச்சு.

அந்த கனத்த எறக்க எனக்கு ஒரு மருந்து இருக்கு, அதுவும் உங்களுதுதான். 2010 ஆகஸ்ட் 22, நியூ ஜெர்சி மான்மவுத் பார்க். அந்த ரேஸ எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு குதிரை பேரு 'மைவைஃப்நோஸ்எவ்ரிதிங்', இன்னொண்ணு 'தவைஃப்டஸ்ன்ட்நோ'. என் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும், பொண்டாட்டிக்கு தெரியாது. ரெண்டும் சேந்து முன்னாடி வந்து கடைசி வரைக்கும் மோதுது, நீங்க ஒரு துளி சிரிப்பு இல்லாம, பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும், பொண்டாட்டிக்கு தெரியாது, எல்லாம் தெரியும், தெரியாதுன்னு குரல ஏத்திக்கிட்டே போனீங்க. கடைசியில எல்லாம் தெரிஞ்சவதான் ஜெயிச்சா, ஒலகத்துல எங்க போனாலும் அதுதான் நடக்கும். உங்க ஊர்ல குதிரை பேருக்கு எடைவெளியோட சேத்து 18 எழுத்துதான் அனுமதி, அதுக்குள்ள அடக்கத்தான் அந்த மொதப் பேருல எழுத்த முழுங்கி எழுதியிருக்காங்க, இங்கிலீஷ்ல எண்ணிப் பாத்தேன், சரியா பதினெட்டு!

பேர்னு சொன்னதும் அமெரிக்கன் ஃபாரோங்கிற குதிரை ஞாபகம் வருது. பேர்ல ஸ்பெல்லிங் தப்பு, தப்பாவே பதிவாயிடுச்சு, அப்பறம் 2015-ல அது டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட்னு மூணு ரேஸையும் சேத்து ட்ரிபிள் கிரவுன் ஜெயிச்சதும் ஒலகத்துல இருக்குற பத்திரிகை எல்லாம் தெரிஞ்சே தப்பா எழுத வேண்டியதாப்போச்சு. அந்த பெல்மான்ட்லயும் நீங்கதான். 1978-ல அஃபர்ம்ட் ஜெயிச்சதுக்கு அப்பறம் 37 வருஷமா ஒரு குதிரையும் மூணு ரேஸையும் ஜெயிக்கல, அந்தக் காத்திருப்பு முடிஞ்சுதுன்னு நீங்க சொன்னப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அன்னிக்கு எல்லாரும் எதிர்பாத்தோம், கூட்டமே அதுக்குத்தான் வந்துச்சு. ரெண்டுல எது பெருசுன்னு என்னைய கேட்டா ரிச் ஸ்ட்ரைக்தான் சார், யோசிக்காம சொல்லுவேன்.

அடுத்த நாள் மீடியாவ பாத்தீங்களா! முந்தின நாள் ஒருத்தரும் சீண்டாத எரிக் ரீட் வாசல்ல மைக்கு கூட்டம். 2016 டிசம்பர்ல அவரோட லாயத்துல இடி விழுந்து தீப்புடிச்சு 23 குதிரைங்க செத்துபோச்சுங்க, தொழிலையே விட்டுடலாம்னு நெனச்ச மனுசன். அந்தக் கதை அஞ்சு வருஷமா அங்கயேதான் இருந்துச்சு, டெர்பி ஜெயிச்சாத்தான் கேக்குறாங்க. இதுல எனக்கு வருத்தம் உண்டு. அதே சமயம் ரேஸ் முடிஞ்சு ரிச் ஸ்ட்ரைக் பக்கத்துல வந்த துணைக் குதிரைய கடிக்கப் போன வீடியோவும் ஊரெல்லாம் சுத்துச்சு, ஓடி முடிச்சும் அதுக்கு வெறி அடங்கல, என்னைய ஏன் இவ்ளோ நாள் பாக்கலன்னு கேக்குற மாதிரியே இருந்துச்சு எனக்கு. அதுக்கப்பறம் அது ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல. ஜெயிச்ச ரேஸ் மொத்தமே ரெண்டு, அதுல ஒண்ணு கெண்டக்கி டெர்பி.

அன்னிக்கு நான் கத்துன சத்தத்துல எங்கம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க, என்னாச்சு, யாருக்கு என்னன்னு பதறிப்போயி. அவங்களுக்கு இங்கிலீஷும் தெரியாது, ரேஸும் புடிக்காது, அவங்க வீட்டுப் பக்கம்தான் நான் சொன்ன அந்தப் பெரியப்பா. ஒண்ணுமில்லம்மா, யாருக்குமே தெரியாத குதிரை ஜெயிச்சிடுச்சுன்னு சொல்லி, அந்த மேலேர்ந்து எடுத்த ஷாட்ட போட்டுக் காட்டுனேன். இருபது புள்ளி ஓடுது, எது ஜெயிக்கப்போவுதுன்னு நான் சொல்லல. அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு கிட்ட வந்து பாத்தாங்க, அந்த செவப்பு சட்டை கம்பி பக்கம் ஒதுங்கி, சோந்துபோன மெஸ்ஸியர்ங்கிற குதிரைய சுத்திக்கிட்டு, திரும்ப உள்ள பூந்து வர்ற எடத்துல விரல வச்சு, "இவன் எங்கடா போறான், சந்துல பூந்து?"ன்னாங்க.

அப்பறம் சவுண்ட் வைக்க சொன்னாங்க. உங்க குரல கேட்டுட்டு, "பாவம், அந்தாளுக்கும் தெரியலடா"ன்னாங்க.

இப்ப மே மாசம் ஆனா நான் அலாரம் வைக்கிறப்ப அம்மா, என்னையும் எழுப்புன்னு சொல்றாங்க. காப்பி போடுற வேலைய அவங்களே ஏத்துக்கிட்டாங்க. தொண்டைய பாத்துக்கங்க சார்.

அன்புடன்,
சென்னையிலேர்ந்து உங்க ரசிகன்