பிள்ளைகளை ஆர் பார்க்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கந்தோரில் 16 வருடமாகக் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். போன வருடம் உதவி முகாமையாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "பிள்ளைகளை ஆர் பார்க்கிறது?" என்பதுதான். அதே தேர்வுக்கு வந்த எங்கள் கந்தோர்த் தம்பி ஒருவருக்கும் சின்னப்பிள்ளை இருக்கிறது, அவரிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை, பதவியும் அவருக்கே போனது, அவருக்கு வேலை பழக்கியது நான்.

பால் காரணமாகப் பாரபட்சம் கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. 84 நாள் பிரசவ லீவும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த லீவை எடுத்தவளுக்கு அந்த வருட மதிப்பீட்டில் புள்ளி குறைகிறதே, அதை ஆர் தட்டிக் கேட்பது? 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகுதான் எங்கள் பிரதேச சபைகளில் பெண்களைக் கூடுதலாகக் கண்டோம், அதற்கு முதல் விரல்விட்டு எண்ணலாம்.

கந்தோர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பதவி உயர்வுக்கு என்ன தகைமை, எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே அறிவித்தல் பலகையில் போடுங்கள். நேர்முகத் தேர்வுக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். கொழும்புக்கு இடமாற்றம் ஏற்றால்தான் உயர்வு என்ற நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள், கைப்பிள்ளையோடு இருப்பவள் அங்கே எப்படிப் போய் அறை எடுத்து இருப்பாள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாழ்ப்பாணம்