பாதி ரயிலோடு நிறுத்திக்கொள்ளாதவர்களுக்கு

அன்புள்ள டீவியேஷன்காரர்களே,

இந்தக் கடிதம் தமிழில் இருப்பதால் உங்களில் ஒருவர்கூட இதைப் படிக்கப்போவதில்லை. பரவாயில்லை. இந்தக் கோடையிலும் வேல்ஸ் போய் உங்கள் ஃபெஸ்டினியோக் ரயிலில் ஏறி இறங்கிவிட்டு வந்திருக்கிறோம், அந்த ரயிலுக்குச் சம்பளம் வாங்காமல் மாற்றுப்பாதை (டீவியேஷன்) போட்ட உங்களைப் பற்றி நம் ஆட்களிடம் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

நம்மவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளைனை ஃபெஸ்டினியோக் மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லை போர்த்மடோக் துறைமுகத்துக்கு இறக்க 1836-இல் திறந்த குட்டி ரயில் இது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே முழுசாக இரண்டடிகூடக் கிடையாது. 1863-இல்தான் நீராவி இஞ்சின் வந்தது. கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தானாகவே இறங்கும், இஞ்சின் வரும்வரை குதிரைகளும் ஒரு தனி வண்டியில் ஏறி நின்றுகொண்டு ஜம்மென்று கூடவே வரும், திரும்பும்போது காலி வண்டிகளை மேலே இழுத்துப்போவதுதான் அவற்றின் வேலை. சிலேட்டு வியாபாரம் படுத்து 1946-இல் ரயிலும் நின்றது. 1954-இல் ஆலன் பெக்லர் என்ற ரயில் பிரியர் கம்பெனியைக் கையில் எடுக்க, அடுத்த வருஷமே தொண்டர்கள் துறைமுகப் பக்கம் ரயிலை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார்கள்.

ஆனால் மேலே போக வழி இல்லை. அங்கே நீரேற்று மின்நிலையம் கட்ட மின்சார வாரியம் நிலத்தைக் கட்டாயமாக எடுத்திருந்தது. டானகிரிஷ்யை நீர்த்தேக்கத்தில் பழைய பாதையின் ஒரு துண்டும் மொயில்வின் ரயில் சுரங்கப்பாதையின் வடக்கு வாயும் போயே போய்விட்டன. இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் ஊர், நடுவே ஏரி.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். கடலைப் பார்க்க, மலையைப் பார்க்க, இஞ்சினோடு நின்று போட்டோ எடுக்க வருகிறவனுக்குப் பாதி ரயிலே தாராளம். அதோடு விட்டிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ 1965 ஜனவரி 2 அன்று, அந்த ஊர்க் குளிரில், தீஆல்ட் என்ற இடத்தில் மண்வெட்டியோடு இறங்கிவிட்டீர்கள். அந்த இடத்துக்கு ரோடு கிடையாது. சாமான் எதுவானாலும் ரயிலிலேயே வந்தாக வேண்டும். நஷ்டஈட்டு வழக்கோ அப்போது இழுபறியில் கிடந்தது, 1972-இல்தான் முடிந்தது. பணம் வருமா என்று தெரியாமல் பாறையை உடைக்க ஆரம்பிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், கொஞ்சம் கிறுக்கும் வேண்டும். எல்லாம் சனி, ஞாயிறு, லீவு நாள் வேலை. உடைத்த கல்லைக் கவிழ்ப்பு வண்டியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டி, கொட்டிக் கொட்டியே கரை எழுப்பினீர்கள்.

நீங்கள் போட்ட அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுப் பாதை ஏரிக்கு மேலே போக வேண்டுமென்றால் தீஆல்டிலேயே சுமார் 35 அடி கூடுதலாக ஏற வேண்டும், ஆனால் நேராக ஏற்றினால் செங்குத்தாகிவிடும், இஞ்சின் இழுக்காது. அதனால் பாதையை வலப்பக்கமாக ஒரே வளைவாக வளைத்து, தான் வந்த வழிக்கு மேலேயே ஒரு பாலம் போட்டுத் தாண்ட வைத்தீர்கள். டார்ஜிலிங் ரயிலில் போனவர்களுக்கு பதாசியா வளையம் ஞாபகம் இருக்கும், அதே வித்தைதான். பிரிட்டனில் பொதுமக்கள் போகிற வேறு எந்த ரயில் பாதையிலும் இப்படி ஒன்று இல்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஊரில் ரயில்வே கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஏரியைப் படம் எடுக்க, அவர் மட்டும் குனிந்து குனிந்து கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். கீழே பழைய பாதை பழைய சுரங்கத்தை நோக்கிப் பிரிந்து போவதைக் காட்டினேன். "அது இருக்கட்டும், இந்தக் கரையை யாரு போட்டது, காண்டிராக்டா?" என்றார். காலேஜ் பையன்கள், ஆபீஸ்காரர்கள், சம்பளம் இல்லாமல் போட்டது என்றேன். நம்பவில்லை. வளைவு முழுக்க வடிகாலை எண்ணுகிற மாதிரி பார்த்துவிட்டு, "மண்ணு கொட்டுறது யாராலயும் முடியும்டா, தண்ணிய வெளிய எடுத்து விட்டிருக்காங்க பாரு, அதான் வேலை" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது, நான் வாங்கியதில்லை. அதனால் அதை அப்படியே உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

கர்னல் கேம்ப்பெல்லுக்கும் தனியாக ஒரு கும்பிடு. பக்கத்து மாளிகைக்காரர், ரயில்தான் அவர் வீட்டுக்கும் வழி. உங்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். வெடி வைக்க உரிமம் வைத்திருந்ததால் பாறை உடைக்கவும் கைகொடுத்தார். இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு குட்டி நிறுத்தம் இருக்கிறது. அப்புறம் ரயிலுக்குப் புதுச் சுரங்கப்பாதை குடைந்த கார்ன்வால்காரர்கள். தகரச் சுரங்கப் பொறியாளர்கள் மூன்று பேர், கூட ஒரு சின்னக் குழு, 1975 முதல் 1977 வரை சுமார் 300 கஜம் மலையைக் குடைந்தார்கள். அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்பதால் நன்றியிலிருந்து விட்டுவிட முடியுமா என்ன?

1978-இல் ரயில் டானகிரிஷ்யைக்கு வந்தது. மின்நிலையத்தின் பின்பக்கமாகவே புகைவிட்டுக்கொண்டு போகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். 1982 மே 25-இல் பிளைனை ஃபெஸ்டினியோக் போய்ச் சேர்ந்தது. முதல் மண்வெட்டி விழுந்து 17 வருஷம்! ஆரம்பித்தபோது மாணவர்களாக இருந்தவர்கள் முடிகிறபோது தலை நரைக்கத் தொடங்கியிருப்பார்கள். நடுவில் கல்யாணம், வேலை மாற்றம் என்று விலகிப்போனவர்களும் இருப்பார்கள். ஒரே ஒரு வாரம் வந்து கையில் கொப்புளத்தோடு திரும்பிப்போனவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மழையில் டீ போட்டுக் கொடுத்தவர்கள், ரசீதைக்கூடப் பார்க்காமல் பணம் அனுப்பியவர்கள், வீட்டில் லீவு நாளை விட்டுக்கொடுத்த மனைவிமார்கள், எல்லோருக்கும்.

இன்றைக்கும் அந்தக் கரையில் புல் வெட்டி, வடிகால் தூர்வாரி, ஸ்லீப்பர் கட்டை மாற்றுகிற இந்தத் தலைமுறைத் தொண்டர்களுக்கும் நன்றி. உங்கள் வேலை டிக்கெட்டில் தெரியாது. அப்பா கண்ணில் பட்டது.

நம்மவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் போர்த்மடோக்கிலிருந்து ஏறுங்கள், போகிற திசைக்கு வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாப்பிட ஏதாவது கையில் எடுத்துப் போங்கள். உண்டியல் வைத்திருந்தால் தயங்காமல் போடுங்கள், நாங்கள் அடுத்த கோடையிலும் வருகிறோம்.

அன்புடன்,
மான்செஸ்டரிலிருந்து ஒரு பயணி, அவன் அப்பா