அப்பர் பாடி, லோயர் பாடி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. டொரன்டோவில் ஐஸ் ஹாக்கி டிக்கெட்டுக்கு அவ்வளவு காசைக் கொட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பெரிய ஆட்டக்காரர் இன்றைக்கு இல்லை என்று தெரிகிறது, ஏன் என்று கேட்டால் "லோயர் பாடி" (இடுப்புக்குக் கீழே எங்கோ காயம்; மேலே என்றால் "அப்பர் பாடி") என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், பகல் கொள்ளை என்று எழுதியிருந்தாய். கோபம் நியாயம்தான். ஆனால் காயத்தின் முழு விவரத்தையும் அணிகள் வெளியிட வேண்டும் என்கிறாயே, அதற்கு நான் உடன்பட மாட்டேன். ஆள் ஆடுவாரா, மாட்டாரா, திரும்ப எத்தனை நாளாகும்? இதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. எந்த மூட்டு, எந்தப் பக்கம் என்பது உனக்குத் தேவையில்லாத சங்கதி.

பிசியோ பார்வையில் சொல்கிறேன். ஐஸ் ஹாக்கியில் உடம்பால் மோதுவது சட்டப்படியான ஆட்டம். தோள்பட்டையின் மேல் மூட்டில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று வை. லேசான கிழிசல் என்றால் ஒன்றிரண்டு வாரம், அடுத்த நிலை என்றால் மூன்றிலிருந்து ஆறு வாரம். அணிக்கு ஆள் தேவை என்றால் அதற்கு முன்பே ஊசி போட்டு, டேப் ஒட்டி இறக்கிவிடுவார்கள். இடது தோள் என்று எதிரணிக்குத் தெரிந்தால் போதும், அன்று முழுக்க இடது பக்கமாகவே அவரைச் சுவரோடு வைத்து இடிப்பார்கள். எல்லாம் விதிக்கு உட்பட்டே நடக்கும், நடுவர் விசில்கூட ஊத முடியாது. மணிக்கட்டு என்றால் ஃபேஸ் ஆஃபில், அதாவது ஆட்டத்தைத் தொடங்க இரண்டு பேருக்கு நடுவே பக் என்கிற ரப்பர் வட்டைப் போடுகிற நேரத்தில், ஸ்டிக்கால் ஒரு தட்டு. பிடிபட்டால் இரண்டு நிமிட பெனால்டி. அந்த விலைக்கு எதிரணியின் முக்கிய நடு ஆட்டக்காரரை வெளியே அனுப்ப முடியுமென்றால் அந்தக் கணக்கைப் போடாத கோச் இல்லை.

கோல் கீப்பர் பாடு இன்னும் மோசம். இன்றைய கீப்பர்கள் இரண்டு முழங்காலையும் ஐஸில் போட்டு, கால்களை இரண்டு பக்கமும் விரித்துத் தடுக்கிறவர்கள். தொடை இடுக்கில் தசை இழுத்திருந்தால் நேராக வரும் ஷாட்டைப் பிடித்துவிடுவார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிப் போகிறபோதுதான் உயிர் போகும். வலது, இடது என்று தெரிந்துவிட்டால் எதிரணி குறுக்குப் பாஸாகவே கொடுத்து அவரை அந்தப் பக்கம் ஓட வைக்கும்.

எதிரணி வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துவிடுமே, பிறகு மறைத்து என்ன லாபம் என்பாய். பாதி உண்மைதான். வழக்கமாக ஃபேஸ் ஆஃபுக்கு நிற்கிறவர் திடீரென்று பக்கத்து ஆளை அனுப்பினால் மணிக்கட்டைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் திரும்புகிறபோது மட்டும் காலை மாற்றிப் போடாமல் சறுக்கிக்கொண்டே போனால் இடுப்பு அல்லது தொடை இடுக்கு. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 45 விநாடி ஆடி வெளியேறுகிறவர் 25 விநாடியிலேயே பெஞ்சுக்கு வந்தால் விலாவோ மூச்சோ. பயிற்சியில் தனி நிற ஜெர்சி போட்டிருந்தால் அவரை இடிக்கக் கூடாது என்று அர்த்தம். இதெல்லாம் ஊகம். ஊகத்தை நம்பி ஒரு ஆட்டத்தின் திட்டத்தையே மாற்ற மாட்டார்கள், எழுத்தில் கையில் கிடைத்தால் மாற்றுவார்கள். புண் ஆறத் தேவையான முதல் இரண்டு மூன்று ஆட்டங்களைத் தாண்ட இந்த மூடுதிரை உதவுகிறது. அதற்கு மேல் உதவாது.

வட அமெரிக்க லீக்கான என்.ஹெச்.எல்.லின் 2013 ஸ்டான்லி கோப்பை இறுதியை நீதான் எடுத்துக்காட்டினாய். பாஸ்டன் அணியின் ஆட்டக்காரர் பெர்ஜெரான் விஷயத்தில் கோச் "பாடி இஞ்சுரி" என்று மட்டும் சொன்னார், மேலா கீழா என்றுகூட இல்லை. ஆறாவது ஆட்டமும் முடிந்து கோப்பை சிகாகோவுக்குப் போன பிறகுதான் விலா எலும்பு முறிவு, குருத்தெலும்புக் கிழிசல், தோள்பட்டை விலகல், கூடவே நுரையீரலில் ஓட்டை என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. முன்பே சொல்லியிருந்தால் அந்த விலாவில்தான் மோதியிருப்பார்கள். அப்படிப்பட்ட மனிதரை இறக்கியிருக்கலாமா என்று கேட்டால் அது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அணியிடம் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர். பத்திரிகைக் குறிப்பால் அது தீராது.

ஜாக் ஐக்கல் என்கிற ஆட்டக்காரர் கதையைப் பார். 2021-ல் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கியது. அவர் செயற்கை வட்டு வைக்க வேண்டும் என்றார். எலும்பை இணைத்துவிடலாம் என்றது அவருடைய பஃபலோ அணி. ஒப்பந்தப்படி கடைசி வார்த்தை அணியுடையது. மாதக்கணக்கில் இழுத்து, நவம்பரில் வேகாஸ் அணிக்கு மாற்றிய பிறகுதான் அவர் கேட்ட அறுவை நடந்தது. 2023-ல் கோப்பையைத் தூக்கினார். அந்தக் காயம் ஊருக்கே தெரியும், அதனால் அவருக்கு ஒரு பைசா நன்மை இல்லை. உடம்பு யாருடையது என்பதில்தான் சண்டை.

மறைக்கிற ரகசியம் பந்தயக்காரர் கையில் காசாகிறது என்று நீ சொல்வது சரி. 2008-லிருந்து என்.ஹெச்.எல். விதி ஒன்றுதான்: விவரம் சொல்ல வேண்டாம், பொய் மட்டும் சொல்லாதே. அப்போது அமெரிக்காவில் சட்டப்படியான பந்தயம் பெரும்பாலும் நெவாடா மாநிலத்தோடு நின்றது. 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை உடைத்தது, 2021-ல் கனடா ஒற்றை ஆட்டப் பந்தயத்தை அனுமதித்தது, 2022-ல் உன் ஒன்டாரியோவில் கடை திறந்தார்கள். இப்போது டிரெஸ்ஸிங் ரூமில் டவல் மடிக்கிற பையனுக்குத் தெரிந்த ரகசியத்துக்கும் ஒரு விலை உண்டு. மறைக்க மறைக்க விலை ஏறும். அதற்காக அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரி புதன், வியாழன், வெள்ளி என்று அறிக்கை விடச் சொன்னால் நடக்காது. அது வாரத்துக்கு ஒரு ஆட்டம். இங்கே சீசனுக்கு 80-க்கும் மேல், சில வாரம் நான்கு, அதிலும் அடுத்தடுத்த இரவு. காலைப் பயிற்சியில் சரியாக இருப்பவர் மாலை வார்ம் அப்பில் முடியாது என்று கையை உயர்த்திவிடுவார்.

ஒரு அணி ஆட்டக்காரர் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்கிற உச்சவரம்பு விஷயத்தில்தான் எனக்கு உன்னைவிடக் கோபம். நீண்டகாலக் காயப் பட்டியலில் ஆளைப் போட 10 ஆட்டமும் 24 நாளும் அவர் ஆட முடியாமல் இருக்க வேண்டும். போட்டுவிட்டால் அந்தச் சம்பள அளவுக்கு வரம்பைத் தாண்டி வேறு ஆள் எடுக்க 2024-25 வரை முடிந்தது. 2020-21-ல் டாம்பா அணியின் குச்செரோவ் இடுப்பு அறுவையால் லீக் சுற்று முழுக்க ஆடவில்லை. வரம்பு அப்போது ப்ளே ஆஃபுக்குக் கிடையாது. ப்ளே ஆஃபின் முதல் நாளே இறங்கி, கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 32 புள்ளி எடுத்தார், அணி சுமார் 1.8 கோடி டாலர் வரம்பைத் தாண்டிய நிலையில் கோப்பை வென்றது. அறுவை உண்மை, விதிமீறலும் இல்லை. எந்தத் தேதியில் அவர் ஆடத் தயாரானார் என்பதை மட்டும் வெளியாள் யாரும் சரிபார்க்க முடியாது. 2025-26 முதல் ப்ளே ஆஃபிலும் வரம்பு வந்ததால் அந்த ஓட்டை அடைபட்டது. காயத்தால் பணச் சலுகை கிடைக்கிற இடத்தில் ஸ்கேனை லீக் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். உனக்கும் எனக்கும் காட்ட வேண்டாம்.

ஒரே விதிவிலக்கு தலை. மூளை அதிர்ச்சியை "அப்பர் பாடி" என்று மூடுவதை நான் ஏற்க மாட்டேன். திரும்பி வர ஆறு படி: அன்றாட வேலை, லேசான சைக்கிள், தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, மோதலுடன் பயிற்சி, ஆட்டம். படிக்குப் படி குறைந்தது 24 மணி நேரம், தலைவலியோ மயக்கமோ வந்தால் ஒரு படி கீழே. மூளை அதிர்ச்சி என்கிற பெயர் வெளியே வந்துவிட்டால் நாலாவது நாளே ஏன் இறக்கினாய் என்று யாராவது எண்ணிப் பார்த்துக் கேட்பார்கள். கோச்சின் அவசரத்துக்கு அதுவே பூட்டு. தலையைக் குறிவைத்து அடிப்பது 2010-11-லிருந்து தனி விதிப்படி குற்றம் என்பதால் சொல்வதில் ஆபத்தும் குறைவு.

நம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை முடிந்ததும் தானே சொன்னாரே என்று கேட்டிருந்தாய். கிரிக்கெட்டில் எந்த பேட்ஸ்மேனும் பவுலரின் முழங்காலில் மோத முடியாது, சொன்னதால் நஷ்டமில்லை. தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வது வேறு, அணி வெளியிடுவது வேறு. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

இங்கே சேலம் காந்தி ஸ்டேடியத்தில் பிரச்சினையே தலைகீழ். மறைக்கக்கூட ஒரு தாள் இல்லை. பின்தொடையில் "நரம்பு பிடிச்சிருச்சு" என்று பையன் உட்காருவான், ஸ்ப்ரே அடித்து மறுநாள் மண்டல ஆட்டத்தில் விடுவார்கள், முழு வேகத்தில் ஓடித் திடீரென்று நிற்கையில் மறுபடி கிழியும், இம்முறை இரண்டு மாதம். பள்ளிக் கோச்சுகளுக்கு நான் சொல்வது ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, எந்தப் பக்கம், எப்படிப் பட்டது, வெளியே வந்தானா, வலியில்லாமல் முழு வேகத்தில் ஓடிய தேதி, விடலாம் என்று கையெழுத்துப் போட்டது யார். கடைசிக் கட்டம்தான் எப்போதும் காலியாக இருக்கிறது.

மலையில் காபி பூத்து முடிந்தது. சந்தையில் இமாம்பசந்த் இறங்கிவிட்டது, மல்கோவாவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். ஊருக்கு வருவதாக இருந்தால் ஏற்காடு கோடை விழா முடிந்த பிறகு வா, அந்த வாரம் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகராது. இந்த முறை அரங்கத்துக்குப் போனால் வார்ம் அப்புக்கே போய்விடு, ஃபேஸ் ஆஃபுக்கு யார் நிற்கிறார், யார் ஒதுங்குகிறார் என்று குறித்து எழுது.

அன்புடன்,
முருகேசன்
சேலம்