எங்கள் அட்டைக்கு எத்தனை கிலோ, ஏன் அத்தனை கிலோ? உணவுப்பொருள் வழங்கல் துறைக்கு ஒரு திறந்த மடல்

உணவுப்பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆணையர் அவர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்ட வழங்கல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் காங்கேயம் வட்டத்தில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும் என்றால் மனு எழுதிக் கொடுப்பேன். அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க அட்டைக்கு எத்தனை கிலோ வரணுங்க?" கடையில் கேட்டால் "மிஷின்ல இவ்வளவுதாங்க காட்டுது" என்று பதில் வரும். விற்பனையாளரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் கருவியிலும் முடிவுதான் தெரிகிறது, கணக்கு தெரிவதில்லை. அந்தக் கணக்கை எங்களுக்குத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கையைத் தமிழ்நாடு விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. நாட்டின் பல பகுதிகளில் ஏழை யார் என்று பட்டியல் போட்டே பாதிப் பேரை வெளியே நிறுத்தினார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. இந்த மண்ணுக்கும் அதில் ஒரு தொடர்பு உண்டு. பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோதுதான், 1965-ல், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. திட்டம் வேண்டாம் என்று சொல்ல வந்தவன் இல்லை நான். இது நிலைக்க வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

2016 நவம்பர் 1 முதல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அரிசி அட்டைகள் மூன்று வகை. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், மாதம் 35 கிலோ. முன்னுரிமைக் குடும்பத்துக்கு ஆளுக்கு 5 கிலோ. முன்னுரிமை இல்லாத குடும்பத்துக்கு மாநில அரசின் பழைய அளவு, குறைந்தது 12 கிலோ, அதிகபட்சம் 20 கிலோ. முன்னுரிமை அட்டையில் ஆள் குறைவாக இருந்தால் பழைய அளவுக்குக் கீழே போகாமல் மாநில அரசு பார்த்துக்கொள்கிறது. தனி ஆளாக இருக்கும் பாட்டிக்கு 5 கிலோ என்று நிறுத்தாமல் 12 கிலோ கொடுப்பது அதனால்தான். நல்ல முடிவு அது.

சிக்கல் வருவது பெரிய குடும்பத்தில். ஒரே வீதியில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆறு பேர்: தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். இரண்டு வீட்டிலும் தறி ஓட்டித்தான் பிழைப்பு. ஒரு வீட்டு அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று அச்சாகியிருக்கிறது, மற்றதில் என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்). முதல் வீட்டுக்கு 30 கிலோ, இரண்டாவது வீட்டுக்கு 20 கிலோ. வருடத்துக்கு 120 கிலோ வித்தியாசம். இதை இரண்டாவது வீட்டுக்காரருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி மூட்டை நிறையப் போகிறது என்று கடைக்காரர் மேல் சந்தேகம் விழுகிறது. அட்டையில் இருக்கும் ஓர் எழுத்து அவரையும் கடைக்காரரையும் சண்டையில் கொண்டுபோய் விடுகிறது.

அந்த எழுத்தை யார், எதை வைத்துப் போட்டார்கள்? 2017 ஜூலையில் அரசிதழில் விதிகள் வந்தன. வருமான வரி கட்டுகிறவர், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளவர், கார் வைத்திருப்பவர், ஏ.சி. வைத்திருப்பவர், மூன்று அறையோ அதற்கு மேலோ உள்ள கான்கிரீட் வீடு வைத்திருப்பவர், 5 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ள விவசாயி என்று முன்னுரிமையில் வராதவர்களின் வரையறை அதில் இருந்தது. அப்போது எழுந்த எதிர்ப்பில் யாருக்கும் அரிசி நிற்காது என்று அரசு உறுதி சொன்னது, அப்படியே நிற்கவும் இல்லை. ஆனால் வகைப்படுத்தல் அப்படியே இருக்கிறது.

இதில் 5 ஏக்கர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் 5 ஏக்கர் வைத்திருப்பவரும், மூலனூர் பக்கம் கொறங்காட்டில், அதாவது மழையை நம்பிய மேய்ச்சல் காட்டில், 5 ஏக்கர் வைத்திருப்பவரும் ஒன்றா? முன்னவர் மஞ்சளும் கரும்பும் வாழையும் வைக்கலாம். பின்னவர் கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல்லை நம்பி நாலு ஆட்டையும் ஒரு மாட்டையும் மேய்க்கிறார். மழை பெய்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், அரவக்குறிச்சி என்று இந்த வறண்ட பட்டை முழுக்க, சிட்டாவில் ஏக்கர் இருந்தும் அடுப்பில் உலை வைக்கக் கடை அரிசியை நம்பும் வீடுகள் இருக்கின்றன. நஞ்சையையும் மானாவாரியையும் ஒரே அளவுகோலால் அளக்கும் விதியை மாற்றுங்கள். வருவாய்த் துறைக் கணக்கில் எது நஞ்சை, எது புஞ்சை என்று ஏற்கெனவே பதிவாகித்தானே இருக்கிறது? புதிதாக யாரும் போய் அளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நகரக் கணக்கு. சட்டப்படி தமிழ்நாட்டில் கிராம மக்களில் 62.55 விழுக்காடும், நகர மக்களில் 37.79 விழுக்காடும் முன்னுரிமைக்குள் வரலாம். மொத்தம் 3 கோடியே 64 லட்சம் பேர். இது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி போட்ட எண். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் எண்ணும் நகரவில்லை. கோவை மாவட்டத்தில் நான்கில் மூன்று பேர் நகரவாசிகள் என்று 2011-லேயே பதிவானது. திருப்பூரிலும் பாதிக்கு மேல். ஆனால் எங்கள் பக்கத்து 'நகரம்' எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். சோமனூர், பல்லடம், சென்னிமலை, குமாரபாளையம் என்று எந்த ஊருக்குப் போனாலும், தறிச் சத்தம் கேட்கும் சந்துகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிற குடும்பங்கள்தான். அவர்கள் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ குடியிருப்பதாலேயே வசதியானவர்கள் ஆகிவிடுவதில்லை. மாநிலத்துக்குக் கிடைத்த அந்த இடங்களை மாவட்டங்களுக்குள் எப்படிப் பிரித்தீர்கள், எங்கள் ஐந்து மாவட்டங்களுக்கு எத்தனை என்று வெளியிடுங்கள். அடுத்த கணக்கெடுப்பு முடிந்து புதிய எண் வரும்போதாவது இந்த ஊர்களின் பங்கை முதலிலேயே பேச முடியும்.

முன்னுரிமைக் குடும்பங்களின் பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும்படி காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவே சொல்கிறது. இணையத்தில் தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தால் போதாது. கடைச் சுவரில், இருப்பு விவரப் பலகைக்குப் பக்கத்தில், அந்தக் கடையின் அட்டைகளில் எத்தனை எந்த வகை என்பதையும், முன்னுரிமைக் குடும்பங்களின் பட்டியலையும் ஒட்டுங்கள். வகையை மாற்றக் கேட்டு மனு கொடுத்தவருக்கு ஆம், இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். இப்போது பலருக்கும் வாய்மொழியாக "மாத்த முடியாதுங்க" என்ற பதில்தான் கிடைக்கிறது. எழுத்தில் காரணம் இருந்தால்தான் மாவட்டக் குறைதீர் அலுவலரிடமோ மாநில உணவு ஆணையத்திடமோ ஒருவர் மேல்முறையீட்டுக்குப் போக முடியும்.

அந்தியோதயா கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு 35 கிலோ என்றால், ஏழு பேர் வரை ஆளுக்கு 5 கிலோவோ அதற்கு மேலோ வரும். எட்டாவது ஆள் சேர்ந்தால் 4 கிலோ 375 கிராமாகக் குறைகிறது. நாட்டிலேயே மிக ஏழை என்று அடையாளம் கண்ட குடும்பத்துக்கு, முன்னுரிமைக் குடும்பத்தைவிடத் தலைக்குக் குறைவு. தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் கூட்டாக வாழும் குடும்பங்களை நினைத்துச் சொல்கிறேன். இது மத்தியச் சட்டத்தின் பிரச்சினை என்பது தெரியும். தனி ஆள் அட்டைக்கு 5 கிலோவை 12 ஆக உயர்த்திக் கொடுக்க முடிந்த மாநிலம், இதையும் சரிசெய்ய முடியும்.

சரி, கடைக்கு வருவோம். பொருள் வாங்கியதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. என்ன வாங்கினோம் என்று அதில் இருக்கும். எவ்வளவு வர வேண்டியது, கோதுமை வாங்கியதால் அரிசியில் எவ்வளவு கழிந்தது, பாக்கி எவ்வளவு என்று அதே செய்தியில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் பாதிச் சண்டை தீரும். கோதுமை தனி ஒதுக்கீடு இல்லை, அரிசிக்குப் பதிலாகத்தான் வருகிறது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. வாங்காத பொருள் வாங்கியதாகச் செய்தி வந்தால் 1967 எண்ணில் புகார் சொல்லலாம் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

துவரம் பருப்பும் பாமாயிலும் சில மாதம் கடைசி வாரத்தில்தான் கடைக்கு வருகின்றன. அப்போது முந்திக்கொண்டவருக்குக் கிடைக்கும், மில்லுக்கு ஷிப்ட் போகிறவருக்குக் கிடைக்காது. 2024 மே மாதம் தட்டுப்பாடு வந்தபோது, அந்த மாதத்துப் பருப்பையும் எண்ணெயையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அதையே நிரந்தர விதியாக ஆக்குங்கள். சரக்கு தாமதமானது கடையின் பக்கம் என்றால், உரிமை அடுத்த மாதத்துக்குத் தானாகவே நகர வேண்டும். ஒவ்வொரு முறையும் அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

கைரேகை. மஞ்சள் வேகவைத்து, தேங்காய் மட்டை உரித்து, நூல் முடிச்சுப் போட்டு ரேகை தேய்ந்துபோன கைகள் இங்கே அதிகம். ரேகை விழவில்லை என்றால் கருவிழிப் பதிவு, அதுவும் இல்லை என்றால் வேறு வழி என்று விதி இருக்கிறது. ஆனால் வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது "நாளைக்கு வாங்கம்மா" என்பதுதான் நடக்கிறது. நாளை என்பது ஒரு நாள் கூலி. ரேகை விழாததால் யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒரு வரியைக் கடை வாசலிலேயே எழுதி வையுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலில் பொருளைக் கொண்டுவந்தது. மனதார நன்றி சொல்கிறேன். ஊரைத் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கும் சாளை வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஊருக்குள் இருக்கும் வீடுகளோடு வண்டி திரும்பிவிடாமல் அந்தச் சாளைகள் வரை போகிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

விற்பனையாளர்களுக்காகவும் கேட்கிறேன். கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவு என்று அவர்கள் காலம்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கடைத் தராசை விற்பனைக் கருவியோடு இணைத்தீர்கள், நல்லது. அதே கண்டிப்பைக் கிடங்கு வாசலிலும் காட்டுங்கள். இறக்கும்போதே கடைக்காரர் கண்முன் மூட்டையை எடைபோட்டுக் கொடுத்தால், குறைந்த எடையை அட்டைதாரர் தலையில் கட்ட வேண்டிய நிலை அவருக்கு வராது.

அப்புறம், திருப்பூரிலும் பெருந்துறையிலும் நம்மோடு வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள். 2020 அக்டோபர் முதல் ஒரே நாடு ஒரே அட்டைத் திட்டம் இங்கே இருக்கிறது. அவர்கள் சொந்த ஊரின் முன்னுரிமை அட்டையை வைத்து இங்கே தங்கள் பங்கை வாங்கலாம், ஊரில் இருக்கும் மனைவி, பிள்ளைகள் மீதிப் பங்கை அங்கே வாங்கலாம். இது தெரியாமல் வெளிக்கடையில் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் ஏராளம். பனியன் கம்பெனி விடுதிகளில் இந்தியிலும் ஒடியாவிலும் ஓர் அறிவிப்பு ஒட்டுவது பெரிய செலவில்லை.

மாதம்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்டந்தோறும் நடக்கும் குறைதீர் முகாமுக்கு இந்த மடலின் படியோடு எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் வருகிறோம். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அட்டையின் நகலும், எந்த வகை, ஏன் என்ற கேள்வியும் இருக்கும். அன்றைக்கே பதில் வேண்டும் என்று கேட்கவில்லை. மனுவுக்கு எண் போட்டு, எத்தனை நாளில் எழுத்தில் பதில் வரும் என்று ஒரு தேதியைக் குறித்துக் கொடுங்கள்.

நன்றியுடன்,
காங்கேயம் வட்டத்துக் குடும்ப அட்டைதாரர் ஒருவர்